வடக்கன்குளத்தில் புலமையும் சுவரும்: கத்தோலிக்க அறிவு மரபைப் பற்றி ஒரு விவாதம்

வள்ளியூர் செல்வன் | சனி, இரவு 9:40

வீரமாமுனிவர், தனிநாயகம் அடிகள் என்று இந்தக் களத்தில் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் பேச்சு எப்போதும் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. முதல் அச்சுப் புத்தகம், அகராதி, எழுத்துச் சீர்திருத்தம், அத்தோடு சரி. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம் என்றாலும் அது வந்த நாள் பெரிய நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் கத்தோலிக்கப் புலமை தமிழ்ச் சமூகத்துக்குள் எப்படி வேலை செய்தது என்பதைப் பட்டியல் சொல்லாது. ஒரே ஊரை வைத்துப் பேசிப் பார்க்கலாமே என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஊர் வடக்கன்குளம். எங்கள் வள்ளியூருக்குத் தெற்கே இருக்கிறது. 1745இல் திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர் நீலகண்ட பிள்ளை இங்கே வந்துதான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். ஏழு வருஷம் கழித்து ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கிடைத்தது.

இருநூறு வருஷம் தள்ளி வாருங்கள். 1940இல் யாழ்ப்பாணத்துக் கரம்பனைச் சேர்ந்த இளம் சாமியார் ஒருவர், ரோமில் இறையியல் முடித்த கையோடு, இதே வடக்கன்குளத்தில் புனித தெரேசா பள்ளிக்கு வேலைக்கு வருகிறார். ஆங்கிலத்திலும் லத்தீனிலும் படித்து வளர்ந்தவர். இங்கேதான் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் உட்கார்ந்து முறையாகத் தமிழ் படிக்கத் தொடங்குகிறார். பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமாக இருந்த தனிநாயகம் அடிகள் அவர்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் அதே ஊர்க் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. இரண்டு நீண்ட கூடங்கள் பீடத்தில் வந்து சேரும்படி கட்டிய கோயில் அது. ஒரு கூடம் வெள்ளாளருக்கு, இன்னொன்று நாடார் உள்ளிட்ட மற்றவர்களுக்கு. பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். பூசைக்கு வந்த சனங்களுக்கு ஒரு பக்கத்தவர் மறுபக்கத்தவரைப் பார்க்க முடியாது. 1910இல் கௌசானல் அடிகள் காலத்தில்தான் சுவர் இடிபட்டது. சுவர் வேண்டும் என்று வெள்ளாளர் தரப்பு போட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் கற்றதும் காவியம் செய்ததும் ஒரு கை, சுவரைக் கட்டியது வேறு கை என்று பிரித்துப் பேசுவது நமக்கு வசதியாக இருக்கிறது. எனக்கு இரண்டுக்கும் ஒரே வேர் என்றுதான் தோன்றுகிறது. வரலாறு படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏட்டுச்சுவடி | சனி, இரவு 11:05

செல்வன், வேர் எது என்று கேட்டால் 1606க்குப் போக வேண்டும். அந்த வருஷம்தான் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். ரோமில் பெரிய குடும்பத்துப் பிள்ளை. மதுரையில் ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியச் சாமியார் இருந்தார். அவரிடம் சேர்ந்தவர்கள் முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரவர்கள்தான், உள்ளூர்க்காரர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 'பரங்கி' என்றாலே மாட்டிறைச்சி, சாராயம், தீட்டு என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்த காலம்.

நொபிலி காவி கட்டினார், இறைச்சியை விட்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். தமிழோடு தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணர் அவருக்கு ஆசிரியர். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுத, விவகாரம் கோவாவைத் தாண்டி ரோம் வரை போயிற்று.

செல்வன் கேட்கும் புள்ளி இங்கேதான் வருகிறது. நொபிலி தன் தரப்புக்கு எழுதியவை சாதாரணக் கடிதங்கள் கிடையாது, முழு ஆய்வுகள். குடுமி, பூணூல், சந்தனம், குளியல் எல்லாம் குலத்தையும் தகுதியையும் காட்டும் ஊர் வழக்கங்கள், சமயச் சின்னங்கள் ஆகா என்பது அவர் வாதம். அதை நிறுவ இந்திய நூல்களையே ஆதாரமாக எடுத்துப் போட்டார். ஐரோப்பியர் ஒருவர் இந்த நாட்டு நூல்களைப் படித்து, 'உங்களுக்கு இவர்களைத் தெரியவில்லை' என்று தன் சபையாருக்கே பாடம் எடுத்தது அந்தக் காலத்தில் அதிசயம். 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார்.

சமயம் வேறு, ஊர் வழக்கம் வேறு. இந்த ஒரு பிரிவினைதான் எல்லாக் கதவையும் திறந்தது. சந்தனம் உள்ளே வந்தது, தாலி வந்தது, பொங்கல் வந்தது, பின்னால் காப்பியமே வந்தது. ஆனால் சாதியும் ஊர் வழக்கம்தானே என்று அதே கதவு வழியாக அதுவும் வந்து உட்கார்ந்துவிட்டது. பிராமணச் சன்னியாசி மாதிரி வாழ்பவர்கள் தாழ்த்தப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழக முடியாது என்பதால் 1640 வாக்கில் 'பண்டார சுவாமிகள்' என்று இன்னொரு வகைக் குருக்களை ஏற்படுத்தினார்கள். மனிதர்களுக்கு இடையே இருந்த பிரிவினை குருக்களுக்கு உள்ளேயே வந்துவிட்டது. வடக்கன்குளத்துச் சுவருக்கு அஸ்திவாரம் அங்கே விழுந்தது என்றுதான் நானும் படித்த அளவில் சொல்வேன்.

---

திருமுறைப்பித்தன் | ஞாயிறு, காலை 6:20

நான் சைவன், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். உங்கள் பேச்சில் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். இந்தப் புலமை எல்லாம் மதம் மாற்றுவதற்காகத்தானே நடந்தது? அதை ஓரமாக வைத்துவிட்டுக் கலை, பண்பாடு என்று பேசினால் எப்படி?

வீரமாமுனிவரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய உரைநடையில் பெரும் பங்கு தரங்கம்பாடி லுத்தரன்காரர்களோடு போட்ட சண்டை. 'வேத விளக்கம்' யாருக்காக எழுதப்பட்டது? இரண்டு கிறிஸ்தவக் கட்சிகள் நம் மண்ணில் நின்று, நம் மொழியில், நம் சனங்களுக்காக மோதிக்கொண்டன.

அதே சமயம் தேம்பாவணியை வகுப்பில் நடத்தியவனும் நான்தான். 3,615 பாட்டு, மூன்று காண்டம், 36 படலம். சூசையப்பரைத் தலைவராக வைத்து, வளன் என்று பெயர் கொடுத்து, நாட்டுப் படலம், நகரப் படலம் என்று கம்பன் போட்ட பாதையிலேயே போகிறார். யூதேயா நாட்டு வர்ணனையைப் படித்தால் காவிரிப் படுகையில் நிற்கிற மாதிரி இருக்கும். மாணவர்களிடம் ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் சில பாட்டுகளைக் கொடுத்து எந்தக் காலம் என்று கேட்பேன். இத்தாலியில் பிறந்தவர் எழுதியது என்று ஒருவரும் சொன்னதில்லை. முப்பது வயதுக்கு மேல் இங்கே வந்து இறங்கிய ஒருவர் இந்த விருத்தங்களைச் செய்தார் என்றால், பரப்புரை ஆசை மட்டும் அதைச் செய்ய வைக்காது. தமிழின் மேல் தனிப் பித்து வேண்டும்.

நோக்கத்தையும் சொல்லுங்கள், பித்தையும் சொல்லுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்காதீர்கள். என் வேண்டுகோள் அவ்வளவுதான்.

---

மாதோட்டத்தாள் | ஞாயிறு, மாலை 4:12

வணக்கம். நான் மன்னார். இப்போது கனடாவில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் மதுரையையும் ரோமையும் கதைக்கிறீர்கள். எங்கள் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு.

ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக் கரையோரத்தில் கத்தோலிக்கக் குருக்கள் இருக்கவே தடை. கோயில்களைப் பறித்துக்கொண்டார்கள். கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் சுவாமி மாறுவேடத்தில் ஊர் ஊராகத் திரிந்தார். 1705இல் அவருக்குத் துணையாக வந்தவர் யாகோமே கொன்சால்வெஸ் சுவாமி. அவரும் கோவாக்காரர்தான். கண்டி அரசரின் ஆதரவில் இருந்துகொண்டு சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். 1742இல் போலவத்தையில் காலமானார். குரு வர முடியாத ஊரில் சனங்கள் தாங்களாகவே கூடி ஓதவும் பாடவும் புத்தகம் வேண்டும் என்பதுதான் அவருடைய புலமைக்கு வேலை. அரண்மனைப் புலவர் யாரும் மெச்ச வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

அவருடைய வியாகுல பிரசங்கத்தை நான் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தேன். தவக்காலத்து இரவுகளில் கோயிலில் விளக்கு வைத்து ஓதுவார்கள். யேசுவின் பாடுகளைப் பிரிவு பிரிவாகச் சொல்லும் உரைநடை, ஆனால் யாரும் அதை வாசிப்பதில்லை. ஒப்பாரி மாதிரி இழுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரலை இறக்கி ஓத வேண்டும். ஊரில் அதற்கென்று நாலைந்து ஆம்பிளைகள் இருப்பார்கள். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் மற்றவர் அதே சுதியில் பிடிப்பார், இடையில் வெட்டுத் தெரியாது. புத்தகத்தின் தாள் ஓரமெல்லாம் மெழுகு விழுந்து விறைத்துப் போயிருக்கும். என் அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் ஓதுபவர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் பெண்கள் பக்கத்திலிருந்து சத்தமாக எடுத்துக் கொடுப்பார். ஓதுபவர் நின்று, திருத்தி, மறுபடி அந்த வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்குவார். மாதா மகனைப் பார்த்துப் புலம்பும் இடம் வந்தால் கோயில் முழுக்க அழுகைதான். அந்த வருஷம் வீட்டில் சாவு கண்டவர்கள் தங்கள் சாவுக்கும் சேர்த்து அழுவார்கள்.

திருமுறைப்பித்தன் ஐயா, நோக்கம் என்ன என்று கேட்டீர்கள். அந்த இரவில் மதம் மாற்ற அங்கே ஒருவரும் இல்லை. ஏற்கெனவே நம்பியவர்கள், பயத்திலும் பசியிலும் இருந்த சனம். அவர்களுக்கு அழுவதற்கு ஒரு மொழி கிடைத்தது. ஒரு புலவர் எழுதியதை எழுத்தறியாத மனுசி திருத்திக் கொடுக்கிறார் என்றால் அந்தப் புலமை சனத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

---

அருள்மொழி82 | ஞாயிறு, இரவு 8:55

அக்கா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் என் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். நான் விழுப்புரம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், சேரிப் பக்கம். எங்கள் பங்கில் தேர் பெரிய தெருவோடு திரும்பிப் போய்விடும், எங்கள் தெருவுக்குள் வராது. நான் சிறுமியாக இருந்தபோது இதுதான் நடந்தது. என் தாத்தா செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் குழி தோண்ட வேண்டும் என்று யாரும் கேட்கத் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அதனால் 'ஊர் வழக்கம்' என்ற சொல்லை ஏட்டுச்சுவடி எழுதியபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த வாதத்தைக் கேட்டு ஒப்புதல் கொடுத்த ரோமில் ஒருவர்கூட 'இது தப்பு' என்று சொல்லவில்லையா? இத்தனை மொழி படித்தவர்கள், இத்தனை நூல் ஆராய்ந்தவர்கள், பக்கத்துத் தெருவில் இருந்த மனுசனிடம் போய் 'உனக்கு இந்த வழக்கம் சம்மதமா' என்று கேட்டார்களா?

இன்னொன்றையும் சொல்கிறேன். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கன்னியர் மடத்துக்குள் இருந்த சாதியை, உள்ளே வாழ்ந்து வெளியே வந்த ஒரு பெண் எழுதியது. அதை வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். கத்தோலிக்கப் புலமை என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். தன் சபையைக் குற்றம் சொல்லும் புத்தகத்தைத் தானே அச்சுப்போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் துணிச்சல் வருவதற்கு நொபிலி வந்த நாளிலிருந்து கிட்டத்தட்ட நானூறு வருஷம் ஆகியிருக்கிறது.

---

ஏட்டுச்சுவடி | ஞாயிறு, இரவு 10:30

அருள்மொழி, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாத பகுதி.

1703இல் பாப்பரசரின் தூதராகச் சீனாவுக்குப் போகும் வழியில் தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாசம் போலத் தங்கினார். உடம்பு சரியில்லாததால் உள்நாட்டுப் பங்குகளை நேரில் பார்க்கவில்லை. கேட்டறிந்தவற்றை வைத்து 16 விதிகள் போட்டார். 'மலபார் வழக்கங்கள்' (தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடைப்பிடித்த ஊர் வழக்கங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர்) பற்றிய பெரிய சண்டை அங்கே தொடங்கியது.

அந்த விதிகளில் இரண்டு மாதிரியும் இருக்கின்றன. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, திருநீறு கூடாது, கிறிஸ்தவ இசைக்காரர்கள் மற்றவர்களின் கோயில் திருவிழாக்களில் வாசிக்கக் கூடாது. இந்த மூன்றாவதை யோசித்துப் பாருங்கள். மேளம் வாசித்துப் பிழைக்கும் குடும்பத்துக்குத் திருவிழா வாசிப்புதான் வருமானம், அதோடு அவர்கள் கலை வளர்ந்ததும் அந்த மேடைகளில்தான். ஒரே வரியில் அதை வெட்டிவிட்டார்கள்.

அதே பட்டியலில் இன்னொரு விதி: நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள் குரு நேரில் போய் அருட்சாதனங்கள் கொடுக்க வேண்டும், தட்டிக்கழிக்கக் கூடாது. உள்ளூரில் இருந்து, மொழி கற்று, பண்பாட்டை நேசித்த சாமியார்கள் பலர் இந்த விதியைத்தான் கடுமையாக எதிர்த்தார்கள். மேல்சாதிக்காரர்கள் எல்லோரும் விலகிப்போவார்கள் என்றார்கள். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் விதிகளைப் பெரும்பாலும் உறுதிசெய்தார். ஆனால் இந்த ஒன்றில், பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற சமரசத்தை ஏற்றுக்கொண்டார்.

எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை. தமிழ்ப் பண்பாட்டை அறியாத வெளியாள் பறையர் வீட்டுக்குப் போ என்றார். தமிழ்ப் பண்பாட்டில் ஊறியவர்கள் முடியாது என்றார்கள். பண்பாட்டை மதிப்பது என்றால் யாருடைய பண்பாட்டை என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் படித்த நூல்களும் பாடம் கேட்ட ஆசிரியர்களும் ஒரே பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

---

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 7:00

இழை நன்றாகப் போகிறது. வடக்கன்குளம் வழக்கில் சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். குடும்பப் பெயர்களை இங்கே எழுத வேண்டாம். அப்படி வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

---

குருநகரான் | திங்கள், பிற்பகல் 1:45

யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து எழுதுகிறேன். கூத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே!

எங்கள் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் கூத்து இல்லாமல் ஊரே இல்லை. என்றிக் எம்பரதோர், ஞானசவுந்தரி என்று விடிய விடிய ஆடிய நாடகங்கள். ஐரோப்பாவின் அரசர், புனிதர் கதைகள்தான், ஆனால் மெட்டு, மத்தளம், வரவுப் பாட்டு, கட்டியகாரன் எல்லாம் எங்கள் தென்மோடிக் கூத்து முறை. மன்னாரில் வடபாங்கு, தென்பாங்கு என்று வேறு பிரிவு, அதை மாதோட்டத்தாள் அக்காதான் விளக்க வேண்டும். குருமார் சிலர் பாட்டுக் கட்டினார்கள், சிலர் பிரசங்கத்தில் கூத்தைத் திட்டினார்கள். ஆனால் கூத்தைத் தாங்கினது அண்ணாவியார்கள்தான். கடலுக்குப் போய்விட்டு வந்து இரவில் பழக்குவார்கள்.

இது எங்கள் கரையோடு நிற்கவும் இல்லை. சிங்களத்து 'நாடகம' என்ற ஆட்டமரபு தமிழ்க் கத்தோலிக்க நாடகங்களிலிருந்து போனது என்று சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1956இல் அவர் மேடையேற்றிய 'மனமே' அந்த மரபில் நின்றுதான் சிங்கள நாடக உலகத்தையே திருப்பியது. இதை எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பிறகு 1965இல் மரிய சேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். நாங்கள் வளர்ந்தது அதற்குள்தான். பாடுகளின் நாடகத்துக்கு மேடை கட்ட, விளக்குப் போட, சைவப் பெடியன்களும் வருவார்கள். போர்க்காலத்திலும் மன்றம் நாடகம் போடுவதை விடவில்லை. அருள்மொழி அக்கா கேட்டதற்கு நானும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்திலும் எந்த ஊரார் எந்தக் களரியில் ஆடலாம், யாருக்கு ராசா வேடம் என்பதில் சாதி இருந்தது. என் மாமா ஒருவர் நல்ல குரல்காரர். வேறு ஊர்க் கூத்தில் பிற்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், வேடம் கொடுக்கவில்லை. சாகும்வரை அதைச் சொல்லிக் கவலைப்பட்டார்.

---

திருமுறைப்பித்தன் | திங்கள், மாலை 6:10

குருநகரான் தம்பி, உங்கள் நல்லூர் ஞானப்பிரகாச சுவாமிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் குரு ஆனவர். எங்கள் சைவப் பெரியவர்களோடு அவர் போட்ட வாதங்கள் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 'யாழ்ப்பாண வைபவ விமரிசனம்' எழுதிய கையை எப்படி மறுப்பது? பழைய கதைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சான்று கேட்ட எழுத்து அது.

சைவத்திலும் இதே சுவர் இருந்தது, இருக்கிறது. கோயிலுக்குள் போகவே விடாத மரபு எங்களுடையது. நான் சாதி பற்றிப் பேசும்போது கிறிஸ்தவர்களைச் சுட்டிக்காட்டும் தகுதியில் பேசவில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

---

வள்ளியூர் செல்வன் | திங்கள், இரவு 10:15

எல்லோருக்கும் நன்றி. தனிநாயகம் அடிகளுக்குத் திரும்பி வருகிறேன். ஏட்டுச்சுவடி கடைசியாகச் சொன்னதோடு அவரை வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது.

நொபிலி பண்டிதர்களின் நூல்களைப் படித்தது தன் தரப்பை நிறுவ. தனிநாயகம் அடிகள் வடக்கன்குளத்தை விட்டு 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய் மாணவராக உட்கார்ந்து சங்க இலக்கியம் படித்தது அந்த இலக்கியத்துக்காகவே. பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை எப்படி வருகிறது என்பதுதான் அவர் எடுத்த ஆய்வு. ரோமில் சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் குருக்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவர், கிரேக்கமும் லத்தீனும் தெரிந்தவர், குறிஞ்சியையும் நெய்தலையும் அந்தக் கவிதைகளுக்குச் சமமாகப் பக்கத்தில் வைத்துப் பேசினார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ் படிக்காத வெளிநாட்டு அறிஞர்களிடம் தமிழைக் கொண்டுபோன இதழ் அது. 1964இல் டெல்லியில் கீழைத்தேய அறிஞர் மாநாடு நடந்த இடத்திலேயே உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கி, 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டையும் நடத்திவிட்டார்.

சபைக்குள் இருந்த பழைய ஏடுகளைத் தேடி எடுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தாம் தெ புரொயென்சா செய்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டுபிடித்து, 1966இல் மலாயாவில் அப்படியே மறுபதிப்புப் போட்டார். முந்நூறு வருஷம் பூட்டிக் கிடந்த தமிழ்ச் சொற்கள் திரும்ப வந்தன. இதற்காக நாம் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் அருள்மொழி கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. சுவர் இடிந்து முப்பது வருஷம்தான் ஆகியிருந்த ஊரில் அவர் ஐந்து வருஷம் வாழ்ந்தார். சுவரைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள். வடக்கன்குளத்தில் தமிழ் கற்றார் என்று அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று ஒரு வரி சேர்த்து எழுதியவரை நான் பார்த்ததில்லை. நாம் இனி எழுதும்போதாவது இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

---

ஏட்டுச்சுவடி | செவ்வாய், காலை 8:20

சேர்த்து எழுதுவது என்றதும் தேவசகாயம் பெயர் விவகாரம் நினைவுக்கு வருகிறது. புனிதர் பட்டத்துக்கு முன்னால் அவர் பெயரோடு 'பிள்ளை' சேர்த்துத்தான் எழுதினார்கள். சாதியை விட்டு எல்லோரோடும் சமமாகப் பழகியதற்காகவும் துன்பப்பட்டவர் பெயரில் சாதிப் பட்டம் எதற்கு என்று மனுக் கொடுத்தார்கள். ரோம் அதை ஏற்று எடுத்துவிட்டது. அது சாதிப் பெயர் இல்லை, அரசர் தந்த பட்டம் என்று இன்னொரு தரப்பு வாதாடியது. 1623இல் ரோம் ஏற்றுக்கொண்ட நொபிலி வாதத்தின் அதே வடிவம்!

---

அருள்மொழி82 | செவ்வாய், இரவு 9:05

எடுத்தது சரிதான். அதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

கலை விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். திருச்சியில் கலைக்காவிரி 1977இல் தொடங்கி பரதத்தையும் கர்நாடக இசையையும் சொல்லிக் கொடுத்தது. நல்ல காரியம், என் அத்தை மகள் அங்கே படித்தவள். பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் மையம் வந்து வில்லுப்பாட்டையும் ஊர்த் தெய்வக் கதைகளையும் ஒலிப்பதிவு செய்தது இன்னும் நல்ல காரியம். ஏனென்றால் அதில்தான் சாமியார்கள் முதல்முறையாக எங்களைப் போன்றவர்களின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள் கவிராயர்கள். இங்கே ஆசிரியர் ஒரு கணியான் கூத்துக்காரர், ஒரு வில்லிசைக்காரர்.

ஆனால் பறை? எங்கள் பங்கில் பூசைக்குள் பறை அடித்தது நான் கல்லூரி முடித்த பிறகுதான். பங்குச்சாமியார் சம்மதித்தும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். சாமியார் பூசையை நிறுத்தவில்லை, அடித்த பையன்களைப் பீடத்துக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். அடுத்த ஞாயிறு போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை. அந்தச் சாமியார் எந்தப் புத்தகமும் எழுதியவர் இல்லை. என் கணக்கில் அவரும் இந்த இழையில் வர வேண்டிய ஆள்.

---

மாதோட்டத்தாள் | புதன், காலை 5:30

கட்டாயம் வர வேண்டும் அருள்மொழி. அவர் அந்தப் பையன்களைப் பீடத்துக்குக் கூப்பிட்டது தூர்னோன் போட்ட பதினாறு விதியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குருநகரான் தம்பி, உங்கள் மாமாவிடம் கூத்துக் கொப்பிகள் (கூத்துப் பாட்டு எழுதிய நோட்டுகள்) இருந்ததா? இருந்தால் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். நூலகம் இணையத்தளத்துக்காரர்கள் ஏடும் கொப்பியும் வாங்கி ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். வியாகுல பிரசங்கத்தை எங்கள் ஊரில் ஓதுபவர்களில் இரண்டு பேர்தான் மிச்சம். நான் பங்குனியில் ஊருக்குப் போகிறேன், முழுவதையும் ஒலிப்பதிவு செய்ய யோசித்திருக்கிறேன்.

---

குருநகரான் | புதன், பிற்பகல் 2:00

மூன்று கொப்பி இருக்கிறது அக்கா, மாமியிடம். ஒன்று முழுதாக இருக்கிறது, மற்ற இரண்டிலும் கறையான். பாட்டுக்குப் பக்கத்தில் யார் எந்த வேடம் கட்டினார் என்று மாமா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். வருஷமும் போட்டிருக்கிறார்.

---

அருள்மொழி82 | புதன், பிற்பகல் 2:25

தம்பி, அந்தப் பென்சில் எழுத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பாட்டை மட்டும் எடுத்துவிட்டு ஓரத்தை வெட்டிவிடப் போகிறார்கள். யாருக்கு வேடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அதில்தான் இருக்கிறது.

---

மாதோட்டத்தாள் | புதன், மாலை 6:40

சரியாகச் சொன்னீர்கள். தம்பி, கறையான் பிடித்த இரண்டையும் வெயிலில் காய வைக்க வேண்டாம், தாள் நொறுங்கிவிடும். நிழலில் விரித்து மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, முதலில் தொலைபேசியிலேயே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். நான் வரும்போது யாழ்ப்பாணம் வந்து வாங்கிக்கொள்கிறேன்.